மச்சான் கேட்ட மூன்று மூச்சு

பயிற்சி அறைச் சாவியை வாட்ச்மேன் என்னிடம் நீட்டியபோது காலை பத்து மணி இருக்கும். ஏழு வாரமாக யாரும் திறக்கவில்லை, உள்ளே புழுங்கிக் கிடக்கும், கதவைக் கொஞ்ச நேரம் திறந்து போட்டு வையுங்கள் என்றார். தலையாட்டிவிட்டுப் படியிறங்கினேன். அரங்கத்தின் மேடைக்கு நேர் கீழே இருக்கிறது அந்த அறை. ஜன்னல் கிடையாது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர்களில் பஞ்சு வைத்துத் துணி ஒட்டியிருந்தார்கள். ஒரு சுவரில் மட்டும் துணி பிய்ந்துபோய் வெறும் சுண்ணாம்பு தெரியும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அங்கே ஒரே இருட்டு. ட்யூப் லைட் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு மூன்றாவது தடவைதான் எரியும்.

விளக்கு எரிவதற்குள் வாசனை வந்துவிட்டது. ஈரப் பித்தளை, வால்வுக்கு விடும் எண்ணெய், பழைய கம்பளம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் தேன்மெழுகு.

தேன்மெழுகு என் மச்சானுடைய வாசனை.

உதடு வெடிக்காமலிருக்க அவனே மெழுகைக் காய்ச்சி ஒரு சின்ன டப்பாவில் அடைத்து வைத்திருப்பான். ஊதுவதற்கு முன் சுண்டுவிரலால் தொட்டுப் பூசிக்கொள்வான். அந்த டப்பா அவன் பெட்டியில் இருந்தது, பெட்டி என் கையில் இருந்தது. அதனால்தான் வாசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பெட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மச்சான் என்றால் என் தங்கையின் கணவன். எங்கள் இசைக்குழுவின் முதல் ட்ரம்பெட். நான் இரண்டாவது. குழுவில் எல்லோரும் அவனைக் கொக்கு என்பார்கள். நீளக் கழுத்து, நின்று ஊதும்போது ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் உரசிக்கொள்ளும் பழக்கம். அவனைக் குழுவுக்கு அழைத்து வந்தவன் நான். வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தங்கைக்குக் கட்டி வைத்ததும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை செய்தவன் நான்.

வந்த ஆறாவது மாதம் அவன் முதல் நாற்காலியில் உட்கார்ந்தான். பதினொரு வருஷமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி. குழுவை நடத்தும் மாஸ்டர் அதை அறிவித்தபோது எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கைதட்டினேன். அன்று வீட்டுக்குப் போனபோது உள்ளங்கை சிவந்திருந்தது. வயிறு எரிந்த எரிச்சலுக்கு அது ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு எதைச் சொல்வது? நிகழ்ச்சி முடிந்ததும் அவனோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள், எடுத்துத் தருவீர்களா என்று கேமராவை என் கையில் திணிப்பார்கள். அரங்க வாசலில் ஒட்டிய போஸ்டரில் அவன் முழு உருவமும் வந்தது, என் முழங்கை மட்டும் வந்தது. என் அம்மாகூட மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கும் என்று அவனுக்குத்தான் முதலில் சாப்பாடு போடுவாள். பக்கத்திலேயே உட்கார்ந்து அதே மூச்சை வாங்குகிற மகன் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

ஆனால் அவன் மூச்சும் என் மூச்சும் ஒன்றல்ல. அது அவளுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒரே சுரத்தை அறுக்காமல் பிடித்தால் எனக்கு இருபத்திரண்டு விநாடி. அவனுக்கு நாற்பத்தைந்து. அவன் ஊதும்போது எங்கே மூச்சு எடுக்கிறான் என்பதே தெரியாது. எனக்கு அது வேண்டும். அந்த மூச்சு எனக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம் என்று பல ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு ஒருநாள் சொல்லிக் கொடு என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டான். தினமும் காலையில் இதே அறையில் ஒரு மணி நேரம். துணி பிய்ந்த சுவரில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று ஊதி, வெறும் காற்றாலேயே அது விழாமல் பிடிக்க வேண்டும். ட்ரம்பெட்டைத் தொடுவதெல்லாம் பிறகுதான். நான் ஊதினால் டிக்கெட் ஆடிக்கொண்டே நின்று விழுந்துவிடும். அவன் ஊதினால் ஆணி அடித்தது போல நிற்கும்.

"கொடத்துல தண்ணி அடியிலேந்துதான நெறையும், அப்படி இழு மச்சான். தோள் ஏறக்கூடாது. முதுகு விரியணும்" என்பான். என் முதுகில் உள்ளங்கையை வைத்து, இங்கே விரிகிறதா என்று பார்ப்பான். மவுத்பீஸை உதட்டில் அமுக்காதே, தூங்குகிற குழந்தை மேல் கை வைப்பது போல வை என்பான்.

நானும் செய்தேன். இருபத்திரண்டு இருபத்து மூன்றாகக்கூட ஆகவில்லை. எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது: பயல் முக்கியமானதை ஒளிக்கிறான். ஒருநாள் அவன் வெளியே போனபோது அவன் பெட்டியைக் குடைந்து பார்த்தேன். எண்ணெய்த் துணி, மெழுகு டப்பா, நசுங்கிய பஸ் டிக்கெட்டுகள். அவ்வளவுதான். ஏதாவது கிடைத்திருந்தால் அன்று என் மனம் ஆறியிருக்கும்.

இனி அந்த நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த இசை முடியும் இடத்தில் இரண்டு ட்ரம்பெட்டும் சேர்ந்து ஒரே சுரத்தை இசைத்தாளில் பதினாறு கட்டத்துக்குப் பிடிக்க வேண்டும். முழு வேகத்தில், முழுச் சத்தத்தில். சாதாரண ஆளால் தனியாக முடியாது. அதற்கு எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவன் மூச்சு எடுக்கும்போது மற்றவன் விடாமல் ஊதுவான். அவன் எடுக்கும்போது இவன் ஊதுவான். எங்கே யார் எடுப்பது என்று தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வோம். கேட்பவர்களுக்குச் சுரம் அறுந்ததே தெரியாது. ஊதுகிறவர்களுக்குள் இதைவிடப் பெரிய நம்பிக்கை எதுவும் கிடையாது.

வழக்கமாக மச்சானுக்கு அதுகூடத் தேவைப்படாது. அன்று அவனுக்கு உடம்பு சரியில்லை. பத்து நாளாக நெஞ்சில் சளி, மாடி ஏறினால் இளைப்பு. மேடைக்குப் போகும் முன் இந்த அறையில்தான் பென்சிலை எடுத்துக் குறித்தான்.

"ஆறு, பத்து, பதினாலு. இந்த மூணு கட்டத்துல நான் மூச்சு எடுத்துக்கறேன். அங்க மட்டும் நீ விட்டுடாத மச்சான்."

சரி என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு தடவை, அத்தனை பேர் முன்னாலும், அவன் சுரம் அறுந்து போக வேண்டும். கொக்குக்கும் மூச்சு முட்டும் என்று எல்லோரும் பார்க்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஆறாவது கட்டம் வந்தது. அவன் எடுக்க வேண்டிய இடத்தில் நான் ட்ரம்பெட்டை இறக்கி மூச்சு எடுத்தேன். அவன் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. அவன் எடுக்கவில்லை. சுரத்தை அப்படியே பிடித்தான். பத்தாவதிலும் நான் எடுத்தேன். அவன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பதினான்கிலும் எடுத்தேன்.

சுரம் அறுபடவே இல்லை.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவன் உட்கார்ந்தான், ட்ரம்பெட்டை மடியில் வைத்தான், எல்லோரும் வணங்க எழுந்தபோது அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது என்றார்கள். இசைத்தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் நாற்காலி எனக்கு வந்தது. தங்கை அவன் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அண்ணா, இத நீயே வச்சுக்க. கடைசி வரைக்கும் அவர் பக்கத்துல இருந்தது நீதான். அவரு மூச்சு இதுலதான் இருக்கு" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அந்தப் பெட்டியோடுதான் ஏழு வாரம் கழித்து இந்த அறைக்குள் வந்தேன். இரண்டு நாற்காலி, நடுவில் ஒரே ஒரு தாள் தாங்கி. முதல் நாற்காலியில் உட்கார்ந்து அவன் ட்ரம்பெட்டை எடுத்தேன். பித்தளை சில்லென்றிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரே சுரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். இருபத்திரண்டாவது விநாடியில் நெஞ்சு காய்ந்தது. உதட்டை எடுத்து மூச்சு இழுத்தேன்.

சுரம் நிற்கவில்லை.

அறையின் எதிரொலி என்று நினைத்தேன். பஞ்சு வைத்த அறையில் எதிரொலி எங்கே வரும்? மறுபடி ஊதினேன், மறுபடி உதட்டை எடுத்தேன். என் இடப்பக்கம், காலி நாற்காலிக்குச் சற்று மேலே, அதே சுரம் சின்ன நூலிழையாக நீண்டது. நான் மறுபடி ஊதத் தொடங்கியதும் அது விலகிக்கொண்டது. மரியாதையாக, எனக்கு இடம் விட்டு.

எழுந்தபோது அந்த நாற்காலிக்குக் கீழே கம்பளம் ஈரமாக இருந்தது. ஊதி முடித்ததும் குழாயில் சேர்ந்த நீரை நாங்கள் வழக்கமாகச் சொட்டவிடும் அளவு ஈரம். விரலால் தொட்டேன். சூடு ஆறவில்லை.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மறுநாள் மேடை ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் அது நடந்தது. நான் மூச்சு எடுத்த இடம் யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டர் குச்சியைத் தாழ்த்திவிட்டு என்னையே பார்த்தார். இருபது வருஷமாக அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு கண் கலங்கச் சொன்னார்: "கண்ண மூடிக்கிட்டா அப்படியே உன் மச்சான்தான்யா."

செத்தும் என் கைதட்டலை அவன் வாங்கிக்கொண்டிருந்தான். பயம் போன இடம் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கதவைத் தாழிட்டுவிட்டு, அவன் பெட்டியிலிருந்த பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்து ஊதினேன். இன்றைக்கு என் சொந்த மூச்சில் இதைப் பிடித்துக் காட்டுகிறேன், நீ வராதே என்று மனதுக்குள் கத்தினேன். பத்து. பதினைந்து. இருபது. கண் இருண்டது. வாயை மூடிப் பின்னால் நகர்ந்தேன்.

டிக்கெட் விழவில்லை.

இரண்டடி தள்ளி நின்றேன். மூன்றடி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஆடாமல், ஆணி அடித்தது போல நின்றது. நாற்பத்தைந்து எண்ணி முடித்ததும் மெதுவாக இறங்கித் தரையில் விழுந்தது.

"போய்டு மச்சான்" என்றேன்.

என் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் சூடாயிற்று.

அதே வாரம் இரண்டாவது நாற்காலிக்கு ஒரு பெண் வந்தாள். போலீஸ் பேண்டிலிருந்து வந்தவள், நல்ல உதடு, வேகமான விரல். காலி நாற்காலியில் ஆள் வந்தால் அவன் போய்விடுவான் என்று நம்பினேன். அவள் முதல் நாளே நாற்காலி ஈரமாக இருக்கிறது என்று துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"சார், நீங்க எங்க மூச்சு எடுக்குறீங்க? பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்கே தெரியல. எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

குடம், முதுகு, தூங்குகிற குழந்தை என்று மச்சான் சொன்னதையே சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் கண்ணில் ஒன்று வந்து போனது. கிழவன் முக்கியமானதை ஒளிக்கிறான் என்று அது சொன்னது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

மச்சானின் நினைவாக அதே இசையை மறுபடி வாசிப்பது என்று மாஸ்டர் முடிவு செய்தார். மதியக் காட்சி. தங்கை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாங்கியில் இருந்தது புதுத் தாள், நானே எடுத்து வைத்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது என் கை நின்றுவிட்டது. ஆறு, பத்து, பதினான்கு. மூன்று கட்டத்திலும் அவனுடைய பென்சில் குறி, வால் நீண்ட அந்தக் குறி. நீங்கள் போட்டீர்களா என்பது போல அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

பழைய தாள் என் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

நீளச் சுரம் தொடங்கியது. நான்காவது கட்டத்தில் அவள் மூச்சு எடுத்தாள், நான் பிடித்தேன். ஆறு வந்தது. இப்போது என் முறை. உதட்டைத் தளர்த்தி இழுக்கப் போனேன். என் இடக் காதில், அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில், யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக, ஆழமாக, பல நாள் காத்திருந்தவன் இழுப்பது போல.

என் நெஞ்சு திறக்கவில்லை.

ஒருவன் எடுக்கும்போது மற்றவன் விடக்கூடாது. அதுதானே ஏற்பாடு. இருந்த காற்றோடு பிடித்தேன். எட்டில் அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். பத்து.

மறுபடி அந்த இழுப்பு. தேன்மெழுகு வாசனை.

விளக்குகள் மஞ்சளாகி, பழுப்பாகி, எனக்கு மாஸ்டரின் குச்சி மட்டும் தெரிந்தது. நிறுத்திவிடலாம், சுரம் அறுந்தால் அறுந்து போகட்டும் என்று நினைத்தேன். உதடு கேட்கவில்லை. அன்றைக்கு அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பதினான்கு.

மூன்றாவது இழுப்பு. அதன் முடிவில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து முடித்தவனுடையது.

சுரம் அறுபடவில்லை. கைதட்டல் எழுந்தது எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. நாற்காலியில் விழுந்தேன். மூச்சை இழுக்கிறேன், இழுக்கிறேன், ஒன்றும் உள்ளே வரவில்லை. முதல் வரிசையில் தங்கை எழுந்து நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரியாக இதே காட்சியை அவள் ஒரு தடவை பார்த்தவள். நான் செய்ததை அவளிடம் சொல்லாமலே போகிறேனே என்று நினைத்தேன்.

அப்போது மூச்சு வந்தது. நான் இழுக்கவில்லை. அது உள்ளே நுழைந்தது.

மறுநாள் தங்கை விடாப்பிடியாக என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். பகல் பன்னிரண்டு மணி, வெளிச்சமான சின்ன அறை, ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ சத்தம். டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இழுங்கள் என்றார், இழுத்தேன். விடுங்கள் என்றார், விட்டேன். இதயத்தை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும், மூச்சை அப்படியே நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கேட்டார்.

"நிறுத்துங்கன்னு சொன்னேன்" என்றார்.

வாயைத் திறக்காமல், நிறுத்திவிட்டேன் என்று கையால் காட்டினேன். அவர் முன்னால் வந்து என் வாயைப் பார்த்தார், மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மறுபடி முதுகில் வைத்தார். இருபத்திரண்டு விநாடிக்கு மேல் என்னால் முடியவில்லை, விட்டுவிட்டேன். நர்ஸைக் கூப்பிட்டு வேறொரு ஸ்டெதாஸ்கோப் கொண்டுவரச் சொன்னார். மறுபடி நிறுத்தச் சொன்னார். இந்தத் தடவை குழல்களைத் தன் காதிலிருந்து எடுத்து என் காதில் மாட்டினார்.

கேட்டேன்.

அடியிலிருந்து, அவசரமில்லாமல், குடம் நிறைவது போல. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் கேட்ட மூச்சு அதுதான். கடைசியில் எனக்கே கொடுத்துவிட்டான். என் நெஞ்சுக்குள் இருந்துகொண்டும் என்னைவிட நன்றாகத்தான் எடுக்கிறான், பாவி.

சுவரோரம் நின்ற தங்கை, "என்ன அண்ணா கேக்குது?" என்றாள்.

நான் மூச்சை நிறுத்தியிருந்தேன். தோள் ஏறவில்லை. முதுகு மட்டும் மெதுவாக விரிந்துகொண்டிருந்தது.